புரொசீஜருக்குள் பிறந்த டேபிள்

"டேபிள் உருவாக்குற கட்டளையை நேரா எழுதினா புரொசீஜர் ஏத்துக்க மாட்டேங்குது மேடம். அதையே மேற்கோள் குறிக்குள்ள போட்டு ஓட்டச் சொன்னா கமுக்கமா ஏத்துக்குது. ஏன்?" என்றார் சவரிமுத்து, கணினித் திரையில் தான் எழுதிய கட்டளைத் தொகுப்பைக் காட்டி.

மணிமொழி நிமிரவில்லை. "மேற்கோளுக்குள்ள இருக்கிறதை அது முன்கூட்டிப் படிக்கிறதில்ல சார்."

"நமக்கு நல்லதுதானே?"



மருத்துவமனையின் கணக்குப் பிரிவிலிருந்து வந்து, தன் வயதில் பாதியே ஆன மணிமொழியிடம் தரவுத்தளம் பழகுகிறார் மனுஷன். அதில் கூச்சமே கிடையாது. அவசரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்புகளைப் பழைய டேபிளிலிருந்து, அதாவது அட்டவணையிலிருந்து, வாரி எடுத்து அங்கே அழித்துவிடும் அவருடைய புரொசீஜர். பிறகு புதிய டேபிளை உருவாக்கி அதில் எழுதும். எல்லாம் ஒரே ஓட்டத்தில்.

"நிஜத் தரவுல ஓட்ட அனுமதி கொடுங்க மேடம். நடுவுல கோளாறுன்னா ரோல்பேக் போட்டு வச்சிருக்கேன். பழையபடி ஆயிடும்."

"முதல்ல அந்தத் தரவோட நகல்ல ஓட்டுங்க."

அதற்குமுன் அவள் கைநீட்டி, நகலில் யாரோ ஒருவரின் குறிப்பைப் புதிய டேபிளில் அடங்காத நீளத்துக்கு வேண்டுமென்றே நீட்டிவிட்டாள்.

ஓட்டினார். 'கோளாறு. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது' என்றது திரை.

"பார்த்தீங்களா!" சவரிமுத்துவுக்கு ஒரே பூரிப்பு.

"உங்க வீட்டம்மா இங்கதானே வைத்தியம் பார்க்கிறாங்க? அவங்க குறிப்பை எடுங்க."

தேடினார். புதிய டேபிள் காலி. பழையதும் காலி. பெனிசிலின் போட்டால் அவர் மனைவிக்கு மூச்சு அடைக்கும். அதைச் சொல்ல அங்கே ஒரு வரி இல்லை. நகல்தான் என்று தெரிந்தும் இன்னொரு முறை தேடினார்.

"பழையபடி ஆயிடுச்சுன்னு பொய் சொல்லுதே மேடம்!"

"அந்த வாக்கியம் நீங்க எழுதினது சார்."

"ரோல்பேக் ஓடலையா?"

"ஓடுச்சு. புது டேபிள் பிறந்ததுக்கு அப்புறம் நடந்ததை மட்டும் ரத்து பண்ணுச்சு."

"அதுக்கு முன்னாடி அழிச்சது?"

மணிமொழி, மேற்கோளுக்குள் இருந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"டேபிள் உருவாக்குற இந்தக் கட்டளை ஓடும்போதே, முன்னாடி நடந்ததையெல்லாம் நிரந்தரமாக்கிடுச்சு. உங்களைக் கேட்கல."

சவரிமுத்து அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார்.

"அனுமதி கொடுக்கட்டுமா?" என்றாள்.

அவர் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.