நழுவிப்போன முத்து

முன்னொரு காலத்தில் வேணுபுரி என்ற நாட்டைச் சித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த வாக்கை மத்தியானம் மறந்துவிடுவான். கொடுத்த தண்டனையை மட்டும் மறக்கமாட்டான்.

ராணிக்குக் கண்ணேறு படாமலிருக்க அவன் ஒரு மணிமாலை கோக்கச் சொன்னான். முத்து, பவளம், மரகதம் மூன்றும் கலந்த மாலை. சபா மண்டபத்தையே வளைத்துக் கிடக்கும் நீளம். அதில் ஓரிடத்திலாவது 'முத்து, பவளம், முத்து, மரகதம்' என்ற வரிசை அடுத்தடுத்து வரவேண்டும் என்பது ஜோசியர் வாக்கு. கோத்தவள் அலர்மேலு. அவளைச் சிபாரிசு செய்தவர் மந்திரி திருவேங்கடநாதர்.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அம்பலவாணர், மாலையைச் சோதிக்கத் தானே முன்வந்தார். முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "அந்த வரிசை இதில் இல்லை, மகாராஜா," என்றார்.

"அப்படியானால் இவளுக்குச் சிறை. மந்திரிக்குப் பதவி இல்லை," என்றான் ராஜா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

"என் கையால கோத்தேன், சாமி," என்றாள் அலர்மேலு.

மந்திரி தமக்குள் கேட்டுக்கொண்டார். இவள் பொய் சொல்கிறாளோ? ஆளை எடைபோடத் தெரியாமல் போய்விட்டதோ? பிறரைச் சந்தேகிக்குமுன் தன்னையே புரட்டிப் புரட்டிச் சந்தேகிப்பது அவர் சுபாவம்.

"எப்படித் தேடினீர், அம்பலவாணரே? இன்னொரு தரம் காட்டும்."

அவர் காட்டினார். பாதி மாலையில் முத்து வந்தது, பவளம் வந்தது, முத்து வந்தது. மரகதம் வரவேண்டிய இடத்தில் மறுபடி பவளம். "சீ," என்று நாலு மணிகளையும் ஒன்றாகத் தள்ளிவிட்டு, அடுத்த மணியிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்.

"நாலையுமா தள்ளினீர்?"

"வேண்டாமென்று ஒதுக்கியதைத் திரும்பத் தொடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மருமகனையே நான் திரும்பச் சேர்க்கவில்லை."

மந்திரி அந்த மணிகளைப் பின்னுக்கு இழுத்தார். "மருமகன் விஷயம் எனக்குத் தெரியாது. முதல் முத்து ஏமாற்றியது, சரி. மூன்றாவதாக வந்த முத்து என்ன பாவம் செய்தது? அதை முதலாக வைத்துப் பாரும்."

ராஜா இறங்கிவந்து தானே தொட்டுச் சொன்னான்: "முத்து, பவளம், முத்து... மரகதம்."

சபை சிரித்தது. அலர்மேலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்பலவாணர் விடவில்லை.

"மந்திரியார் அவ்வளவு கெட்டிக்காரர் என்றால், ஒரு மணிகூட இல்லாத வரிசையை இதில் தேடித் தரட்டுமே."

மந்திரி முதல் மணிக்கும் முன்னால், முடிச்சின்மேல் விரலை வைத்தார். "இதோ. ஒன்றுமே கேட்காதவருக்கு ஆரம்பத்திலேயே கிடைத்துவிடும். ஒரு மணியைக்கூடத் தள்ளவேண்டாம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. கை மோதிரத்தைக் கழற்றி அலர்மேலுவுக்குக் கொடுத்தான். மந்திரியின் பதவியை மந்திரிக்கே கொடுத்தான்.

"எனக்கு, மகாராஜா?" என்றார் அம்பலவாணர்.

"நீர் கேட்டதுதான் ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டதே. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போம். போகிற வழியில் உம்முடைய மருமகனையும் கூட்டிக்கொள்ளும்."