ராக்குக்கு ஒப்பு எது?

ஒப்பாரிக்கும் குரு உண்டு. நம்பாதவர்கள் மேலே படிக்க வேண்டாம்.

ஒச்சம்மாவின் குழுவில் நாலு பெண்கள். சாவு வீடுகளில் அழுது பாடுவது தொழில். ஒச்சம்மாவுக்குத் தொண்டை போய்விட்டது. மறுநாள் பனங்குடியில் ஒரு பெரிய சாவு. முதல் குரல் ராக்கு கொடுக்கட்டும் என்று, ஒரு கிழவன் சாவுக்குப் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

வெள்ளத்தாய்க்கு வயிறு எரிந்தது. அவள் வந்து பன்னிரண்டு வருஷம். ராக்கு வந்து ரெண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

“அவளுக்கு என்னக்கா தெரியும்? ஒப்பாரின்னா என்ன அர்த்தம்னு கேட்டுப் பாருங்க, முழிப்பா.”

ராக்கு முழித்தாள்.

“நீ சொல்லு,” என்றாள் ஒச்சம்மா.

“ஒப்புச் சொல்லி அழுகுறது. செத்தவங்களுக்கு ஒப்பா ஒண்ணைச் சொல்லி அழணும். அதுல வந்த பேரு.”

“சரிதான். ஏ ராக்கு, அந்தப் பெஞ்சுல படு.”

“எதுக்குக்கா?”

“நீ செத்துட்டே. படுடி.”

ராக்கு காலை நீட்டிப் படுத்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாடு வெள்ளத்தாயி.”

“தங்கத் தேரே, தாமரையே...”

“இது இன்னைக்குக் கிழவனுக்குப் பாடினது. போன வாரம் வாத்தியாருக்கும் இதேதான். இவளுக்கு ஒப்பு எதுடி?”

ராக்கு ஒரு கண்ணைத் திறந்தாள்.

“பொணம் பார்க்காது,” என்றாள் ஒச்சம்மா.

வெள்ளத்தாய் அந்த முகத்தைப் பார்த்தாள். ரெண்டு வருஷமாக வேறு எதைப் பார்த்தாள்? சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் ராக்கு நேரே போய்ப் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பாள். அதற்கப்புறம்தான் பாட்டு. பகட்டுக்காரி என்று வெள்ளத்தாய் பல்லைக் கடிப்பாள். முந்தானைக் கிழிசலை அவள் எந்தப் பக்கம் செருகி மறைப்பாள் என்பதுகூட இவளுக்கு அத்துப்படி.

குரல் தானாக எழும்பியது.

“மயங்கிக் கிடந்தவளுக்கு
மொதத் தண்ணி நீ தந்தே
கோடையில வத்தாத
கொல்லையூத்தே, என் எதிரியே
ஒப்புநான் பார்த்துப் பார்த்து
உறக்கங்கெட்டுப் போனேனே...”

பஸ் வந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்தினார். கூடைக்காரி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ராக்கு எழுந்திருக்கவே இல்லை.

இப்படி எந்தச் சாவிலும் பாடியதில்லை. அது வெள்ளத்தாய்க்கே தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்பச் சொல்லுங்கக்கா. நாளைக்கு முதல் குரல் யாருக்கு?”

“பனங்குடியில செத்தது யாருடி?”

வெள்ளத்தாய் வாயைத் திறந்தாள். பேர்கூட வரவில்லை.