பஜ்ஜி மிளகாயில் பத்துக்கு ஒன்று ஏன் எரிகிறது

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் பிராணிகளுக்கும் பேச்சு இருந்தது. மனிதர்களுக்கும் அது கேட்கத்தான் செய்யும். வேலைக்கு நடுவில் காதில் ஏறாது, அவ்வளவுதான்.

கண்மாயை ஒட்டிய தோட்டத்தில் அரியநாச்சி என்ற பெண் வகைக்கு ஒரு பாத்தியாக மிளகாய் போட்டிருந்தாள். ஒன்றில் குண்டு மிளகாய், ஒன்றில் சம்பா, வரப்போரம் காந்தாரி. வாய்க்கால் பக்கத்துப் பாத்தியில் நீளமான, வெளிர்பச்சை மிளகாய். பஜ்ஜி என்ற பலகாரமே அன்றைக்குக் கிடையாது. அதனால் அதற்குப் பஜ்ஜி மிளகாய் என்ற பெயரும் வரவில்லை. நெட்டச்சி என்று கூப்பிட்டார்கள். ஆறு நாற்று நட்டதில் பிழைத்தது அவள் ஒருத்திதான்.

அரியநாச்சி விதையை வெளியில் வாங்க மாட்டாள். ஒவ்வொரு வகையிலும் செடியிலேயே பழுத்த பழத்தைப் பறித்துக் காயவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டு வைப்பாள். பழம் தராத வகைக்கு அடுத்த வருஷம் பாத்தி கிடையாது.

நெட்டச்சியின் காய்களுக்கு அன்று துளிகூடக் காரம் இல்லை. கடித்தால் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நறுக்கென்று இருக்கும். அதனால் அந்த வருஷம் ஒன்றுகூடப் பழுக்கும்வரை நிற்கவில்லை. ஆடு வேலிக்குள் தலையை நுழைத்துத் தின்றது. மிச்சத்தை வயல் எலி தின்றான். எலி முறை தெரிந்தவன். சொல்லிவிட்டுத்தான் தின்பான்.

"மதினி, சவுக்கியமா? நேத்து ரெண்டு காயை விட்டுட்டுப் போயிட்டேன் போல."

"அதுகளாவது பழுக்கட்டும் கொழுந்தனாரே. காந்தாரிகிட்டப் போனா என்ன?"

"எனக்கு இருக்கிறது வயிறு மதினி, அடுப்பு இல்ல."

ஒரு நாள் காலையில் அரியநாச்சியும் அவள் புருஷன் கோட்டைச்சாமியும் தண்ணீர் திருப்பிவிட வந்தார்கள்.

"இந்தச் செடியில விதைக்கு ஒரு பழம் நிக்கல. பிடுங்கிப்போட்டுட்டு வெண்டை ஊனிருவோம்" என்றான் அவன்.

"பத்துப் பூ இருக்குங்க. ஒண்ணாவது பழுக்குதான்னு பாப்போம். இல்லைன்னா நீங்க சொன்னபடி."

நெட்டச்சி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பத்துக்கு மேல் பூக்க அவளிடம் தெம்பு இல்லை. அவர்கள் போனதும் வரப்புப் பக்கம் திரும்பினாள்.

"காந்தாரியக்கா, உன் காரத்துல எனக்குக் கொஞ்சம் தாயேன்."

காந்தாரி ஆள் சிறிசு, வாய் பெரிசு. "நல்லா இருக்கே. எத்தனை பூவுக்கு?"

"பத்துக்கும்."

"பத்துக்கும் குடுத்தா அதுக எம் பிள்ளைக. உன்னோடதுன்னு சொல்ல ஒண்ணு இருக்காது. ஒரே ஒரு பூவுக்குத் தாரேன். எதுக்குன்னு நீயே சொல்லு."

"ஒண்ணு போதுமா?"

"திங்கிறவனுக்கு ஒண்ணு போதும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. காரம் வாங்கின பிள்ளைய யாரும் ஆசையாத் தொட மாட்டாங்க. கடிச்சவன் துப்புவான், ஏசுவான். எங்க வீட்டுல அது பழகிப்போச்சு. உன் பிள்ளை தாங்குமா?"

நெட்டச்சி பத்துப் பூவையும் பார்த்தாள். மேல் கிளையில் ஒன்று திடமாக இருந்தது. அது தாங்கும். ஆனால் திடமாக இருப்பதற்காக அதற்கு இதைக் கொடுப்பதா? அடிக்கிளையில் ஒன்று வாடலாக இருந்தது. எப்படியும் நிற்கப் போவதில்லை, அதற்குக் கொடுத்துவிடலாம். இப்படி நினைத்த உடனே தன் மேலேயே அவளுக்குப் பயம் வந்தது.

கொசுத்தேனீ காந்தாரிப் பூவின் மகரந்தத்தைக் காலில் அப்பிக்கொண்டு வந்துவிட்டது. "எதுல வைக்கணும்? சீக்கிரம் சொல்லு. எனக்குப் பூசணிப் பூவுல வேலை இருக்கு."

"நீயே ஒண்ணுல வை. எதுன்னு எங்கிட்டச் சொல்லாத."

"பின்னால வந்து கேப்ப."

"கேட்டாலும் சொல்லாத."

நெட்டச்சி தன் இலைகளையெல்லாம் சுருட்டிக்கொண்டாள். தேனீ ஏதோ ஒரு பூவில் உட்கார்ந்து எழுந்து பூசணிப் பக்கம் பறந்துவிட்டது.

பத்தும் காய்த்தன. எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை. காய்கள் முற்றுகிற சமயத்தில் எலி வந்தான்.

"பத்தா மதினி? இன்னிக்கு விருந்துதான்."

ஒரு காயைத் தின்றான். இன்னொன்றைத் தின்றான். மூன்றாவது காயின் நுனியைக் கடித்தான். கடித்ததைத் துப்பிவிட்டு வாய்க்காலுக்கு ஓடி, தண்ணீரில் முகத்தை வைத்தபடி வெகுநேரம் கிடந்தான். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"மிச்சத்துல எது காரம் மதினி?"

"பாத்தாத் தெரியாது கொழுந்தனாரே."

"பெத்தவளுக்கே தெரியாதா?"

"எனக்கு யாரும் சொல்லல. தின்னு பாத்தாத்தான் தெரியும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லை. எலி ஒவ்வொரு காயாக மோந்து பார்த்தான். ஒரு காய்க்கு நேராக வாயைத் திறந்தான், மூடினான். "எனக்கு இன்னிக்குப் பசி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவன் அப்புறம் அந்தப் பாத்திக்கு வரவில்லை. அவன் போய்ச் சொன்னதைக் கேட்டு ஆடும் வரவில்லை.

நுனி போன காய் காம்போடு தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, என்னைய மட்டும் ஏன் துப்பினாரு?"

"அவருக்கு வாய் சரியில்ல சாமி" என்றாள் நெட்டச்சி. அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நுனி போனதையும் சேர்த்து மிச்சம் இருந்த எட்டும் பழுத்துச் சிவந்தன. அரியநாச்சி எட்டையும் பறித்துக் காயவைத்தாள்.

"எலி கடிச்சது எதுக்கு?" என்று கேட்டான் கோட்டைச்சாமி.

"காம்புப் பக்கத்து விதை நல்லாத்தான இருக்கு."

எல்லாவற்றையும் கீறி ஒரே சுளகில் விதையைக் கொட்டிக் கலந்தபோது அவளுக்கு விரல் எரிந்தது. "இதுல ஏதோ ஒண்ணு காரங்க."

"எது?"

"யாரு கண்டா. எல்லாத்தையும் கலந்துட்டேன்."

அப்படியே சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டாள். அடுத்த வருஷம் வாய்க்கால் பக்கத்தில் வெண்டை ஊன்றவில்லை. நெட்டச்சியின் விதையைத்தான் போட்டார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், பஜ்ஜி மிளகாயில் பத்துக்கு ஒன்று எரிவது. எது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் இன்றைக்கும் தாய்மார் பஜ்ஜியைத் தாங்கள் முதலில் ஒரு கடி கடித்து, கொஞ்சம் பொறுத்திருந்து, பிறகுதான் மிச்சத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள்.