ஹெட்லைட்டுக்குப் பொட்டு வெச்ச சென்னியப்பன்

மலையடிவாரத்துல ஒரு மடம். மடம்னதும் கோபுரம் கீபுரம்னு போயிராதீங்க. ரெண்டு தகரக் கொட்டாய், ஒரு அடிபம்பு, ஒரு பழைய வேனு. அவ்வளவுதான்.

மடத்துச் சாமி ஒரு அம்மா. பேரு பொன்னாத்தா. வயசு நாப்பது இருக்கும். சிஷ்யன் ஒரே ஒருத்தரு, சென்னியப்பன். அறுபதைத் தொடப் போறவரு. அவரு அந்தம்மாவை "சாமி"ம்பாரு. சாமி அவரை "அண்ணா"ங்கும். புதுசா வர்றவன் யாரு கால்ல விழறதுன்னு தெரியாம ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்துட்டுப் போவான்.

சென்னியப்பன் முன்னால லாரி ஓட்டுனவரு. மூக்குல எப்பவும் ஒரு தடிக் கண்ணாடி இருக்கும். பேச்சே கியர் மாத்தற மாதிரி இருக்கும். "ஏனுங்... சாமி... நான் என்ன சொல்ல வர்றேன்னா..." மூணாவது கியர்லதான் விஷயம் வரும்.

வேனுக்கு ஒரே வேலை. மேல மலை ஊர்ல இருக்கறவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரணும், திருப்பிக் கொண்டு போய் விடணும். மேல பஸ்ஸு கெடயாது. வழியெல்லாம் காடு.

காலைல எந்திரிச்சதும் சென்னியப்பன் ஒரு கிண்ணம் சந்தனம் கரைப்பாரு. மொதல்ல சாமி காலுக்குப் பூசுவாரு.

"போதுங்ணா."

"அடடா, சாமிக்கு எத்தன அடக்கம்!" இன்னும் ரெண்டு இழுப்பு இழுப்பாரு.

"அண்ணா, போதுங்கறேன்."

"பாருங்க, பாருங்க, அந்த அடக்கத்தைப் பாருங்க!"

மிச்சச் சந்தனம் வேனுக்கு. ரெண்டு ஹெட்லைட்டுக்கும் அப்பி, மேல திருநீத்துல மூணு பட்டை போட்டு, நடுவுல வட்டமாக் குங்குமம் வெப்பாரு. முன்னால நின்னு பாத்தா வேன் மாதிரியே இருக்காது. காவடிக்குக் கெளம்புன ஆளாட்ட இருக்கும். வெள்ளிக்கெழமையானா சாம்பலும் தேங்கா நாரும் போட்டு, அடிப்பிடிச்ச சட்டியைத் தேய்க்கற மாதிரி ஹெட்லைட்டைத் தேய்ப்பாரு. தேச்சு முடிச்சு மறுபடியும் புதுசா அப்புவாரு.

ஒரு நா மேல ஊர்ல இருக்கற மாதிங்கற பொண்ணை ஆஸ்பத்திரில காட்டிட்டு, பொழுது எறங்கற நேரத்துல திரும்பிக்கிட்டு இருந்தாரு. மாதிக்கு மாசம் நெறஞ்சிருந்துச்சு. கூட அவ புருசன் சடையன்.

வேனோட வெளிச்சம் எப்பவுமே மங்கல்தான். ரோட்டைப் பாக்காது, தன் மூக்கையே பாத்துக்கிட்டு வரும். அன்னிக்கு ஒரு வளைவுல என்னமோ கருப்பா நின்னுச்சு.

"எவன்டா ரோட்டு நடுவுல பாறையை உருட்டிப் போட்டவன்?"னு சென்னியப்பன் ஹாரன் அடிச்சாரு.

பாறை வாலை ஆட்டுச்சு.

அப்பறம் ரிவர்ஸு. வேனு "கொய்ங்ங்"னு கத்திக்கிட்டே பின்னால போகுது. மாதி வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கொஞ்ச நேரத்துல யானை காட்டுக்குள்ள போயிருச்சு. ஊரு போய்ச் சேந்து எறங்குனதும் சடையன் சொன்னான்.

"டிரைவரே, யானையே தெரியாத வேனுல இனி என் பொண்டாட்டி ஏற மாட்டா."

"அப்ப வலி வந்தா?"

"கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு எறங்குவோம்."

"காட்டு வழியிலயா? யானை நிக்குமேடா!"

"நாங்க பாத்துப் போவோம். எங்களுக்குக் கண்ணு தெரியும்."

சென்னியப்பனுக்கு அந்த வார்த்தை தொண்டைல முள்ளாட்ட நின்னு போச்சு. மடத்துக்கு வந்து சாமி முன்னால நின்னாரு.

"ஏனுங்... சாமி... நான் என்ன கேக்க வர்றேன்னா... வெளிச்சம் வரோணும்னா என்ன பண்றதுங்க?"

சாமி அரிசில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு.

"அதைத் தெனமும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எப்பங்க சொன்னீங்க?"

சாமி அவரைப் பாத்துச்சு. முறத்தைப் பாத்துச்சு. "கல்லே பரவால்ல"ன்னு சொல்லிட்டு மறுபடியும் பொறுக்க ஆரம்பிச்சுருச்சு.

சென்னியப்பன் டவுனுக்குப் போனாரு. அங்க வயர்மேன் அசோகன். அவன் பேச்சு பூராவும் மூக்கு வழியாத்தான் வெளிய வரும்.

"பல்பு வீக்குங்ணா. பெரிய வாட்டு போட்ரலாம்."

போட்டாங்க. பட்டப்பகல்ல லைட்டைப் பின்னால தொறந்து போட்டுப் பாத்தா, உள்ள பல்பு பளிச்சுனு எரியுது. சென்னியப்பனுக்குச் சந்தோசம். மடத்துக்கு வந்தாரு. புதுப் பல்பு வந்துருக்கு, சும்மா விட முடியுமா? எலுமிச்சம்பழம், சூடம், சந்தனம், பட்டை, பொட்டு. இந்தத் தடவ ரெட்டை அப்பு.

பொழுதோட லைட்டைப் போட்டாரு. முன்னைக்கு இப்ப இன்னும் மங்கல். கொஞ்ச நேரத்துல தீஞ்ச வாசம் வேற.

சாமி கொட்டாய்க்குள்ள இருந்து கேட்டுச்சு: "என்னுங்ணா, கடலை வறுக்கறீங்களா?"

பல்போட சூட்டுல சந்தனம் வெந்துக்கிட்டு இருந்துச்சு. அது சென்னியப்பனுக்குத் தெரியல. மறுநா அசோகன்கிட்டப் போய் ஒரே சத்தம்.

"வயரு பழசுங்ணா, அதான்"னான் அசோகன்.

வயரை மாத்துனாங்க. வந்து பூஜை. மங்கல்.

"பேட்டரிங்ணா."

பேட்டரியை மாத்துனாங்க. வந்து பூஜை. மங்கல்.

அசோகன் மூக்கைச் சொரிஞ்சான். "எங்கடைல எரியுதுங்ணா. உங்கூட்டுக்குப் போனாத்தான் எரிய மாட்டேங்குது. அங்க ஏதோ இருக்குது."

"எங்க சாமிக்கு முன்னால என்னடா இருக்க முடியும்?"

"எனக்கென்னங்ணா தெரியும். நான் வயர்மேன்."

சென்னியப்பன் புசுபுசுன்னு மடத்துக்கு வந்து சேந்தாரு. வந்ததும் வேன் டயரை ஒரு ஒதை. வலிச்சது அவருக்குத்தான்.

"சாமி, என்னால ஆவாதுங்க! பல்பு மாத்தியாச்சு, வயரு மாத்தியாச்சு, பேட்டரி மாத்தியாச்சு. இனி மாத்தறதுக்கு டிரைவருதான் பாக்கி!"

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்"னு சாமி சொல்லுச்சு.

அப்பத்தான் போன் அடிச்சுது. மாதியோட அம்மா. அழுதுக்கிட்டே பேசுச்சு. வலி வந்துருச்சு, கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு எறங்கிட்டாங்க, வேனைக் கூப்பிட வேண்டாம்னு சடையன் சொல்லிட்டான், ஆனா வளைவுக்கிட்ட யானை நிக்குதுன்னு விறகுக்குப் போனவங்க சொல்றாங்க.

பொழுது எறங்கிக்கிட்டு இருந்துச்சு.

"சாமி, நான் போறேனுங்க!"ன்னு சாவியை எடுத்தாரு. எடுத்தவரு நின்னாரு. பொட்டு வெக்காம வண்டிய எடுத்துப் பழக்கம் இல்ல. ஓடிப் போய் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்தாரு.

சாமி எந்திரிச்சுது. கிண்ணத்தை வெடுக்குன்னு புடுங்குச்சு. அவரு மூக்குல இருந்த கண்ணாடியைக் கழட்டுச்சு. ரெண்டு கண்ணாடிக்கும் நல்லாச் சந்தனம் அப்புச்சு. மூணு பட்டை போட்டுச்சு. நடுவுல ஒரு பொட்டு. திருப்பி அவரு மூக்குலயே மாட்டி விட்டுச்சு.

"இப்பப் போங்ணா."

"சாமி, என்னுங்க இது! ஒண்ணுமே தெரியலீங்க!"

"அப்படியா? கண்ணு வீக்கா இருக்கும். பெரிய வாட்டுல ஒண்ணு மாத்திரலாமா?"

சென்னியப்பன் கையை நீட்டிக் காத்துல தடவுனாரு.

"இல்லீனா நரம்பு பழசா இருக்கும். அதையும் மாத்திக்கலாம். அசோகன்கிட்டக் கேளுங்க."

சென்னியப்பன் மெதுவாக் கண்ணாடியைக் கழட்டுனாரு. திரும்பி வேனைப் பாத்தாரு. வேனும் அவரைப் பாத்துச்சு, ரெண்டு கண்ணுலயும் பட்டை போட்டுக்கிட்டு.

"அய்யோ சாமி!"

"ம்."

"தொடச்சுரலாம்னா... பொட்டை அழிச்சுட்டு வண்டிய எடுக்கறதுங்களா? சகுனம் ஆவாதுங்களே! புள்ளத்தாச்சியை ஏத்தப் போற வண்டிங்க!"

"அண்ணா, அவ கட்டில்ல வந்துக்கிட்டு இருக்கா. நீங்க சகுனத்தை ஏத்திக்கிட்டு வர்றதுக்குள்ள அவ பெத்துருவா."

அதுக்கு மேல சென்னியப்பன் நிக்கல. தண்ணியை அள்ளி ஊத்துனாரு. வெந்து காஞ்ச சந்தனம் ஓடு மாதிரிப் பேந்து விழுந்துச்சு. அது போயும் லைட்டுக் கண்ணாடி வெளுப்பாவே இருந்துச்சு, சாம்பலும் நாரும் போட்டு வாரம் தவறாமத் தேச்ச தேய்ப்புக்கு. சாமி பல்லு வெளக்கற பேஸ்ட்டை எடுத்துட்டு வந்து பிதுக்குச்சு. காவிச் சேலையோட முந்தானையை ஒரு முழம் கிழிச்சுது. ஒரு லைட்டைச் சாமி தேய்க்குது, இன்னொண்ணைச் சென்னியப்பன் தேய்க்கறாரு.

"தெரிஞ்சுருந்தா முன்னாலயே சொல்லப்படாதுங்களா?"ன்னாரு, மூச்சு வாங்க.

"போதுங்ணா, போதுங்ணான்னு தெனமும் காலைல என்ன பாட்டா பாடுனேன்?"

"அது... அடக்கத்துல சொல்றீங்கன்னு..."

"தேய்ங்க."

சென்னியப்பன் தன் மூக்குக் கண்ணாடியையும் கழுவி மாட்டுனாரு. வேன் மலை ஏறுச்சு. வெளிச்சம் முன்னால ஓடுச்சு. ரோட்டுல கெடந்த சாணி கூடத் தெரிஞ்சுது. வளைவுக்கு வெகு முன்னாலயே ஒரு பாறை தெரிஞ்சுது. இந்தத் தடவ வாலு மொதல்லயே தெரிஞ்சுது. சென்னியப்பன் எட்டத்துலயே நிறுத்தி, லைட்டைத் தணிச்சு, ஹாரனைத் தொடாம உக்காந்திருந்தாரு. யானை ரோசனை பண்ணுச்சு. பள்ளத்துப் பக்கமா எறங்கிப் போச்சு.

வளைவு தாண்டுனதும் கட்டிலு. நாலு பேரு தூக்கிக்கிட்டு வர்றாங்க. முன்னால தீப்பந்தத்தோட சடையன். கண்ணு கூசவும் கையால மறைச்சுப் பாத்தான்.

"யாருது இந்த வேனு? புதுசா?"

"பழசுதான்டா. ஏறு."

"வழியில யானை?"

"போயிருச்சு. நானே பாத்தேன். வாலோட."

சடையன் லைட்டைப் பாத்தான், மாதியைப் பாத்தான். மாதி கட்டில்ல இருந்தே கத்துனா: "அட ஏத்துய்யா! இதென்ன பொண்ணு பாக்கற நேரமா?"

ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி, உள்ள கொண்டு போய்க் கொஞ்ச நேரத்துலயே பொறந்துருச்சு. பொட்டப்புள்ள. சடையன் வெளிய வந்து சென்னியப்பன் கையைப் புடிச்சான். ஒண்ணும் பேசல. அவன் பேசுனாத்தான் முள்ளு, பேசலீனா தேனு.

மறுநா காலைல சென்னியப்பன் மடத்துக்குத் திரும்புனாரு. மூஞ்சி கொள்ளாத சிரிப்பு. கை கால் கழுவிட்டு ஒரு பெரிய கிண்ணம் நெறையச் சந்தனம் கரைச்சாரு. நேரா வேனுக்கிட்டப் போனாரு. ஹெட்லைட்டுக்கு முன்னால நின்னாரு. கிண்ணத்தைப் பாத்தாரு, லைட்டைப் பாத்தாரு. ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் திரும்புனாரு.

சாமி அடிபம்புகிட்ட உக்காந்து கிழிஞ்ச முந்தானைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சென்னியப்பன் பொத்துன்னு முன்னால விழுந்தாரு.

"ஏனுங்... சாமி... நான் என்ன சொல்ல வர்றேன்னா... எல்லாம் உங்களாலதானுங்க. இனி வேனுக்குப் பூச மாட்டேன். அந்தப் பங்கையும் சேத்து உங்க காலுக்கே பூசிர்றேனுங்க!"

கை நெறையச் சந்தனத்தை அள்ளுனாரு.

சாமி ரெண்டு காலையும் சேலைக்குள்ள இழுத்துக்கிச்சு.

"கிட்ட வராதீங்ணா. என்னையும் மங்க வெச்சுட்டு, அப்பறம் ரோடு தெரியலைன்னு எங்கிட்டயே வந்து நிப்பீங்க."