சேவகம்பாளையத்தின் பூஜ்யம்

தெய்வசிகாமணி புள்ளிவிவரத் துறையில் அதிகாரி. பார்க்கிற நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற உத்தியோகம். ஆனால் சேவகம்பாளையத்தில் வேலாத்தாளின் பட்டறைக்குள் நுழைந்தால் அவர் சிஷ்யன்தான். படித்து முடித்த கையோடு மூன்று வருடம் அவளிடம் லேத் பழகியவர்.

அன்று முகம் வாடிப் போய் வந்தார். மாவட்டத்துக்கு, மிஷின்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் சோதனைக்கூடம் ஒன்று வரப் போகிறது. எந்த ஊர் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கிறதோ அந்த ஊருக்குத்தான். அதை எப்படி அளப்பது? காப்புரிமை விண்ணப்பங்களை எண்ணினால் போதும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊருக்கு முப்பத்தெட்டு. கடலைக்காய் உடைக்கும் மிஷினுக்கு நாலு மாநிலத்தில் பேர் வாங்கிய சேவகம்பாளையத்துக்குப் பூஜ்யம்.

கூடம் வராவிட்டால் பழைய பாடுதான். ஒவ்வொரு புது மிஷினையும் லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்பி, சான்றிதழுக்கு மூன்று மாதம் தவம் கிடக்க வேண்டும். ஊர்வாரியாக இந்த எண்ணிக்கைப் பட்டியலை மறுநாள் அனுப்ப வேண்டியவரோ தெய்வசிகாமணியேதான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பட்டறையில் புதிதாக ஏதாவது சரிப்பட்டு வந்தால், அதன் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி வாசல் ஆணியில் மாட்டிவிடுவார்கள். வேண்டியவர்கள் வந்து சாக்பீஸால் வரைந்துகொண்டு போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள்.

வேலாத்தாள் புதுச் சல்லடை ஒன்றை முடித்து வைத்திருந்தாள். பருப்பு உடையாமல் தோடு மட்டும் கழன்று வரும் வளைவு அது. தகரமும் வெட்டியாகிவிட்டது, மாட்டத்தான் இல்லை. அதைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அக்கா, இதை மாட்டாதீங்க. உங்க பேர்ல இன்னிக்கே விண்ணப்பம் போட்டரலாம். தெருவுல நாப்பது பட்டறை இருக்குது. உங்களைப் பார்த்து ஆளுக்கொண்ணு போட்டா ஜெயிச்சிரலாமுங்க.”

“போட்டா என்ன ஆகும்?”

“காப்புரிமை வந்துருச்சுன்னா, உங்களைக் கேக்காம ஆரும் இதைச் செய்ய முடியாதுங்க.”

“எதுத்தாப்புல இருக்கற மாரப்பனுமா?”

“அவருந்தானுங்க.”

“சரி. அதை அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க தம்பி.”

பக்குவமாக என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டேதான் எதிர்ப் பட்டறைக்குப் போனார். மாரப்பன் அவரை வாய் திறக்கவே விடவில்லை. அக்காவின் போன வருட வளைவில் ஓரமாகக் காய் சிக்குகிறது, கடைசியில் ரெண்டு நூல், கால் அங்குலம், இறக்கினால் சரியாகிறது, அவங்க புதுசை முடிக்கிறதுக்குள் இதைக் காட்டிவிடுங்கள் என்று ஒரு தகரத்தை அவர் கையில் திணித்தார். தெய்வசிகாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினார்.

“சொல்லிட்டீங்களா?”

அவர் தகரத்தை நீட்டினார். வேலாத்தாள் அதைத் தன் தகரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் ரெண்டு நூல் தள்ளிக் கோடு போட்டாள். கத்தரியால் நறுக்கினாள். நேரே வாசலுக்குப் போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

ஊருக்குக் காட்டிவிட்டதற்குக் காப்புரிமை கிடையாது; தெருவுக்கே தெரிந்த பிறகு விண்ணப்பமாவது ஒன்றாவது. தெய்வசிகாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவிடம் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

“கூடம் போச்சுங்க்கா. நாளைக்கு என் கையாலயே பூஜ்யம்னு எழுதோணும். நீங்க மறுபடியும் லாரி புடிச்சு அனுப்போணும்.”

“அனுப்பறோம். இத்தனை வருசம் அனுப்பலையா? நீங்க பூஜ்யம்னே எழுதுங்க. எண்ணச் சொன்னவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க.”

“என்னன்னு கேக்கறதுங்க்கா?”

வேலாத்தாள் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு லேத்துப் பக்கம் திரும்பினாள்.

“பூட்டை எண்ணிப் பார்த்துட்டு, இந்த ஊர்ல வீடே இல்லைங்கறீங்களேன்னு கேளுங்க.”