மூன்றாம் லைனின் ஜீரோ

கோயம்புத்தூருக்கு வடக்கே, எவர்சில்வரில் மெல்லிய குழாய்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று. அங்கே இருபத்தாறு வருஷம் உலைக்காரராக இருந்தவர் ஆறுச்சாமி. தீயின் நிறத்தைப் பார்த்தே உலையின் சூட்டைச் சொல்லிவிடுவார். பழைய உலையைப் பெயர்த்துவிட்டு ஹைட்ரஜனில் ஓடும் ஐந்து புது உலைகளை வைத்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கேட்டில் வாட்ச்மேனாக உட்காருகிறீர்களா, கருவிப் பிரிவுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். யோசிக்காமல் கருவிப் பிரிவு என்றார்.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு மெஹருன்னிசா. முப்பத்து நாலு வயது. முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவர், அதனால் தொழிற்சாலை முழுக்க அவர் டீச்சர்தான். முதல் நாள் ஆறுச்சாமி அவர் முன்னால் கைகட்டி நின்று, தான் எட்டாவது வரைதான் படித்தவன், ஆனால் கற்றுக்கொள்ளாமல் விடப்போவதில்லை என்றார். டீச்சர் கட்டிய கையைப் பிரிக்கச் சொல்லி அதில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார்.

இரண்டு மாதம் குழாய் வேலை மட்டும். மீட்டரின் மேல் பொறித்த அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, வாயு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். மீட்டருக்கு முன்னால் குழாய் எங்கும் வளையாமல் ஒரு முழம் நேராக வர வேண்டும். மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் ஒரு பிசிறுகூட உள்ளே போகக் கூடாது. ஒரே ஜாயிண்டை அவர் பதினொரு தடவை கழற்றி மாட்டினார். பன்னிரண்டாவது தடவை டீச்சர் அடுத்த ஜாயிண்டைக் காட்டினார்.

அப்புறம் கன்ட்ரோலர். அளக்கிற மீட்டரும் அடக்குகிற வால்வும் ஒரே பெட்டிக்குள். முப்பது என்று கொடுத்தால், அதுவே அளந்து, அதுவே திறந்து மூடி, நிமிஷத்துக்கு முப்பது லிட்டரில் நிறுத்தி வைக்கும். மாதம் ஒருமுறை, உலை ஓயும் ஞாயிற்றுக்கிழமையில், குழாயில் ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்பிவிட்டு அதற்கு ஜீரோ எடுக்க வேண்டும். மீட்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற இரண்டு வால்வையும் மூடி, ஓட்டம் நிற்கும்வரை பொறுத்திருந்து, பொத்தானை அழுத்த வேண்டும். ஓட்டமே இல்லாத நிலை இதுதான் என்று மீட்டர் மனசில் வைத்துக்கொள்ளும்.

ஆவணி மாதத்தில் டீச்சர், மூன்றாம் உலைக்கு வாயு கொண்டுபோகும் மூன்றாம் லைனை அவரிடம் தனியாக ஒப்படைத்தார். ஆறுச்சாமி வீட்டில் சொல்லி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன்வால்வை மூடினார். பின்வால்வுக்கு உலையின் முதுகுப்பக்கம் முட்டி போட்டு ஊர்ந்து போக வேண்டும். அவருக்கு முட்டி வலி. முன்னால் மூடியாகிவிட்டது, வராத வாயு எங்கே போகப்போகிறது என்று நினைத்தார். பொத்தானை அழுத்தினார். 0.0 என்று வந்தது. நோட்டில் எழுதி, கீழே முதன்முதலாகத் தன் பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை, மூன்றாம் உலையின் வாயில் குழாய்களை வாங்கி அடுக்கும் செல்லாத்தாள் அவரைக் கூப்பிட்டாள். உலை வாயில் மிச்ச ஹைட்ரஜன் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தீ வழக்கத்தைவிட நீளமாக வருகிறது என்றாள். ஆறுச்சாமி தீயைப் பார்க்கவில்லை. கன்ட்ரோலரின் எண்ணைக் காட்டினார். முப்பது. சரியாக முப்பது.

புதன்கிழமை அந்தத் தீ அவள் கையை நக்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம்.

உலையை நிறுத்தி, அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஆறுச்சாமி டீச்சரிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாரோ அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் செய்து காட்டச் சொன்னார் டீச்சர்.

அவர் லைனில் நைட்ரஜனை நிரப்பினார். முன்வால்வை மூடினார். காத்திருந்தார். பொத்தானை அழுத்தினார். 0.0.

டீச்சர் மீட்டருக்கு அடுத்த ஜாயிண்டைக் கழற்றி ஒரு ரப்பர் குழாயைச் செருகினார். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் அதன் நுனியை முக்கினார்.

குமிழ் வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. டம்ளர் கொதிப்பதுபோல் வந்துகொண்டே இருந்தது. மேலே எண் 0.0 என்றே நின்றது.

ஆறுச்சாமி முன்வால்வைத் தொட்டுப் பார்த்தார். கைப்பிடி குறுக்கே திரும்பி, மூடித்தான் இருந்தது. உள்ளே தேய்ந்து போயிருந்தது.

"மீட்டர் பொய் சொல்லுதுங்களா, டீச்சர்?"

"இல்லைங்கண்ணா. கேஸ் நின்னுடுச்சுன்னு நீங்க அதுகிட்டச் சொன்னீங்க. அது உங்களை நம்புச்சு."

கசிந்தது நிமிஷத்துக்கு ஆறு லிட்டர். அந்த ஆறையும் இல்லாததாக எடுத்துக்கொண்டுதான் மூன்று நாளாக மீட்டர் முப்பது காட்டியிருக்கிறது. செல்லாத்தாள் முன்னால் எரிந்தது முப்பத்தாறு.

ஆறுச்சாமி முன்வால்விலிருந்து கையை எடுத்தார். பிறகு, தன்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார். கேட்டில் வாட்ச்மேனாகவே உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். டீச்சர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயடிக்குப் போய் டம்ளரை மறுபடி நிறைத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னும் நாலு லைன் இருக்குதுங்கண்ணா."

அன்று சாயங்காலம் ஆறுச்சாமி செல்லாத்தாள் வீட்டுக்குப் போனார். அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பின்வால்வையும் சொன்னார், முட்டி வலியையும் சொன்னார்.

"நான் திங்கக்கிழமையே சொன்னேனுங்கண்ணா," என்றாள் அவள். "நீங்க நம்பரைக் காட்டுனீங்க."

இருபத்தாறு வருஷம் தீயை மட்டுமே பார்த்தவர் அவர். அந்த ஒரு நாள்தான் பார்க்காமல் விட்டார்.

கிளம்பும்போது, இனி அவள் தீ சரியில்லை என்றால் உலையை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதேவா என்று அவள் கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தாலும்தான் என்றார்.

மறுநாளிலிருந்து அவர் ஐந்து லைன்களின் வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு வால்வுகள் தேய்ந்திருந்தன. மாற்றினார். உலையின் முதுகுப்பக்கம் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் முட்டி போட்டு ஊர்ந்தார். முட்டி வீங்கியது, தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி ஊர்ந்தார். ஒவ்வொரு முறையும் டம்ளரை வைத்து, கடைசிக் குமிழும் நின்ற பிறகு, மேலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, அப்புறம்தான் பொத்தானைத் தொட்டார். ஐந்து லைனும் முடிய மூன்று வாரம் ஆயிற்று. டீச்சர் ஒருநாளும் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

செல்லாத்தாள் கை ஆறி வேலைக்குத் திரும்பினாள்.

ஐப்பசியில் ஒரு காலை, வானம் இருண்டு கிடந்தது. அவசரமாக அனுப்ப வேண்டிய குழாய்கள் மூன்றாம் உலையில் ஓடிக்கொண்டிருந்தன. செல்லாத்தாள் இரண்டு எட்டு பின்னால் வந்து நின்று, தீ நீளமாகத் தெரிகிறது என்றாள்.

ஆறுச்சாமி தீயைப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எண்ணைப் பார்த்தார். முப்பது. ஹைட்ரஜனை நிறுத்தி உலையை நைட்ரஜனுக்கு மாற்றினார். தீ அணைந்தது.

உற்பத்தி மேனேஜர் சடகோபன் ஓடி வந்தார். ஆறு நாளைக்கு முன்னால் ஜீரோ எடுத்ததை நோட்டில் புரட்டிக் காட்டினார்.

"நீங்க எடுத்த ஜீரோவை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

"நம்பறேனுங்க சார். இந்தப் புள்ள சொல்றதையும் நம்பறேனுங்க. பார்த்துட்டு ஓட்டறேனுங்க."

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்றார் சடகோபன். இது யாரையும் கேட்கிற வேலை இல்லை என்று ஆறுச்சாமி மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு உலையின் முதுகுப்பக்கம் ஊர்ந்தார்.

முன்வால்வு மூடியது. பின்வால்வு மூடியது. டம்ளரில் குமிழ் இல்லை. மீட்டர் 0.0. ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினார், எங்கும் நுரை பொங்கவில்லை. சரிபார்க்கும் மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையில் மாட்டி நைட்ரஜனை ஓட்டினார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

இரண்டு மணி நேரம் போய்விட்டது. அதற்குள் மேகம் விலகி, கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்தது. உலையை ஓட்டினார். செல்லாத்தாள் உற்றுப் பார்த்துவிட்டு, இப்போது சரியாகத்தான் இருக்கிறது, இருட்டில் தீ பெரிதாகத் தெரிந்திருக்கும்போல என்றாள். சொல்லும்போதே அவள் முகம் சிறுத்துவிட்டது. அவர் பரவாயில்லை என்றார். நாளைக்கும் இப்படித் தெரிந்தால் நாளைக்கும் சொல்ல வேண்டும் என்றார்.

ஆனாலும் டீச்சர் அறைக்குத் தயங்கித் தயங்கித்தான் போனார். சடகோபன் முன்பே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். டீச்சர் ஏதோ ஒரு மீட்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிராமல், என்ன கிடைத்தது என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க, டீச்சர். ரெண்டு மணி நேரம் உலையை நிறுத்திப் பார்த்து, ஒண்ணுமே கிடைக்கல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவை பார்த்தேனுங்க."

"ஒண்ணுமே இல்லை?"

"ஒண்ணுமே இல்லீங்க."

டீச்சர் நிமிர்ந்தார். மேஜைமேல் இருந்த நோட்டை அவர் பக்கம் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்தார்.

"அதுதாங்கண்ணா ஜீரோ. எழுதிக்குங்க."