தொம்மை வீட்டு ராசி

அந்தக் கடலோரப் பட்டினத்தில் தொம்மையின் குடும்பத்தைத் தெரியாதவர் கிடையாது. அவர்கள் கடையில் சாமான் வாங்கியவர்தான் கிடையாது. பூட்டன் உப்புக் கடை போட்டார். புயல் மழையில் அத்தனையும் கரைந்து கடலுக்கே திரும்பிப் போனது. தாத்தா சுதாரித்துக் குடைக் கடை வைத்தார். அப்புறம் மழை ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்பா ஐஸ் கடை திறந்த அன்றைக்குப் போன கரண்ட், ஐஸ் முழுக்க உருகிய பிறகுதான் வந்தது. தொம்மைக்கு வாய்த்தது ஒரு டீக்கடை, அதுவும் கஸ்பார் முதலாளியின் இடத்தில்.

முதலாளி பக்கத்திலேயே லாட்ஜ் கட்டினார். திறப்புவிழாவுக்கு முதல் நாள், ஊர் பார்க்கச் சத்தம் போட்டார்.

"ஏலே தொம்மை, உன் குடும்பம் கைவச்சதுல உருப்பட்டது ஒண்ணே ஒண்ணு காட்டு, கடை இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா இன்னைக்கே காலி பண்ணு!"

தொம்மை தலையைச் சொறிந்தான். அங்கேயும் உருப்படியாக ஒன்றும் மிச்சமில்லை.

"காலி பண்ணிருதேன் முதலாளி. உங்க இடத்துல பொழைச்ச நன்றிக்கு, நாளைக்கு லாட்ஜுல முதல் போணி என் கைதான். கடையும் இல்ல, இனி சும்மாதான இருப்பேன்? தெனமும் காலையில வந்து போணி பண்ணிருதேன்."

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்ல! நீ கடையிலயே இரு. என் வாசப்படி மட்டும் ஏறிராத!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தொம்மை அடுப்பைப் பற்றவைத்தான்.

"உருப்பட்டது ஒண்ணு கேட்டீங்களே முதலாளி, எங்க கெட்ட ராசிதான் அது. மூணு தலைமுறையா விக்காமக் கிடந்த சரக்கு, இன்னைக்குத்தான் போணியாச்சு."